ஒரு நாளைக்கு நாற்பது தடவை

"நா நல்லாத்தான கீறேன்?"

தேவேந்திரன் காலையில் கண்ணைத் திறந்ததும் கேட்கிற முதல் கேள்வி இதுதான். பல் விளக்குவதற்கு முன்னால் ஒரு தடவை, வாய் கொப்பளித்த கையோடு இன்னொரு தடவை. பெண்டாட்டி வச்சலா மீன் கூடையைத் தலைக்குத் தூக்கும்போது ஒன்று. அவள் திருக்கழுக்குன்றம் பஸ்ஸில் இடம் பிடித்து உட்கார்வதற்குள் போனில் ஒன்று. மார்க்கெட்டில் சங்கரா மீனுக்குச் செதில் தேய்த்துக்கொண்டிருக்கும்போது, வாங்க வந்தவள் முறைத்துக்கொண்டு நிற்க, இரண்டு மூன்று. ஒரு நாள் அவள் பக்கத்தில் கிண்ணம் வைத்து, அவன் கேட்கக் கேட்க ஒரு புளியங்கொட்டை போட்டுவந்தாள். பொழுது சாய்ந்து எண்ணினால் நாற்பத்தொன்று. ஒன்று கை தவறி விழுந்தது என்று வைத்துக்கொண்டாலும் நாற்பது.

நாற்பதுக்கும் பதில் சொன்னாள். "நல்லாத்தான்யா கீற. உனக்கு ஒண்ணும் இல்ல." சில நேரம் ஆசையாக, சில நேரம் எரிச்சலில், பல நேரம் கேள்வி முடிவதற்கு முன்பே. பதில் காதில் விழுந்ததும் அவன் முகம் தெளியும். கால் மணி நேரம் தாங்கும். பிறகு கை மறுபடி நெஞ்சுக்குப் போய்விடும்.

மாமல்லபுரத்துக்கு வடக்கே இருக்கிற அந்தக் குப்பத்தில் தேவேந்திரனுக்குப் பயந்தாங்கொள்ளி என்று ஒருநாளும் பெயர் இருந்ததில்லை. காற்று திரும்பிய பிறகும் வலையை விட்டுவிட்டு வரமாட்டேன் என்று நின்ற ஆள். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு ஆடி மாசக் காலையில், கடலில் வலை இழுத்துக்கொண்டிருந்தபோது நெஞ்சு படபடத்தது, மூச்சு முட்டியது, விரல்கள் மரத்துப்போயின. செத்தோம் என்று நினைத்தான். கூட இருந்த மூன்று பேரும் அப்படியேதான் நினைத்தார்கள். படகைத் திருப்பி, ஆட்டோவில் போட்டு, செங்கல்பட்டுக்குக் கொண்டுபோனார்கள். ஈ.சி.ஜி., எக்கோ, ரத்தம், சிறுநீர் எல்லாம் பார்த்துவிட்டு, இருதயத்தில் ஒரு குறையும் இல்லை என்று சொல்லி அனுப்பினார்கள். அடுத்த வாரம் கடலில் மறுபடி வந்தது. அதற்கடுத்த வாரமும் வந்தது.

போதாக்குறைக்கு அந்த மிஷின் ஒன்று. கொரோனா சமயத்தில் தெருவே வாங்கிய, விரலில் மாட்டினால் ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று காட்டுகிற சின்ன டப்பா. அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு கடலுக்குப் போனான். வலை இழுத்துக் காய்த்த விரல், உப்புத் தண்ணீரில் ஊறி விறைத்த விரல். அந்த டப்பாவுக்கு அது விரலாகவே தெரியவில்லை. ஒரு நாள் கோடு காட்டும், ஒரு நாள் எண்பத்து மூன்று காட்டும். எண்பத்து மூன்று என்றால் ஆள் ஆஸ்பத்திரியில் கிடக்க வேண்டும். உடனே படகைத் திருப்பு என்று கத்துவான். டப்பாவைத் தூக்கிக் கடலில் போடத் தோன்றியதா யாருக்காவது? தோன்றவில்லை. எல்லோருக்குமே அதன் மேல் ஒரு மரியாதை.

ஆறு தடவை படகு பாதியில் திரும்பியது. அதன் பிறகு பதினோரு மாசமாக அவன் கரையோடு சரி. கிழிந்த வலையைப் பின்னிக்கொண்டு, கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பான்.

படகு வச்சலாவின் அண்ணன் தணிகைவேலுடையது. தங்கமான மனுஷன்தான், ஆனால் நாலு பேர் இழுக்க வேண்டிய வலையை மூன்று பேர் எத்தனை நாள் இழுப்பது? கார்த்திகை பிறந்ததும் வீட்டுக்கு வந்து, நின்றபடியே சொன்னான்.

"காணும் பொங்கலுக்கு மறுநா நீ ஏறு மச்சான். ஏறலன்னா ராஜாராம ஏத்திக்கறேன். ஏத்திகினா அப்பறம் அவன எறங்குன்னு என்னால சொல்ல முடியாது. கோச்சிக்காத."

தேவேந்திரன் தலையை ஆட்டினான். தணிகைவேல் போனதும் வச்சலாவிடம் சொன்னான், "மறைமலைநகர் கம்பெனில வாச்மேன் வேல கீதாம். பஸ்ஸு வூட்டாண்டயே வந்து ஏத்திகினு போவுமாம்."

நீலச் சட்டை போட்டுக்கொண்டு, யாரோ ஒருவன் காருக்குக் கேட்டைத் திறந்துவிடுகிற தேவேந்திரனை வச்சலா நினைத்துப் பார்த்தாள். அழுகை வந்துவிட்டது. தையில் இவன் படகில் ஏற வேண்டும், அவ்வளவுதான். அதற்காக எவன் காலிலும் விழத் தயாராக இருந்தாள். விழ வேண்டிய அவசியம் வரவில்லை. செங்கல்பட்டு டாக்டர் ஒரு சீட்டில் ஜெசிந்தா என்று பெயர் எழுதி, மனநல ஆலோசகர், புதன்கிழமை போய்ப் பாருங்கள் என்றார்.

ஜெசிந்தா சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்துப் பெண். முப்பது வயசு இருக்கும். அன்றைக்கு அவளுக்கு நல்ல ஜலதோஷம், மூக்கை உறிஞ்சிக்கொண்டே பேசினாள். இவளா நம் ஆளைத் தேற்றப்போகிறாள் என்று வச்சலாவுக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

"உங்களுக்கு வர்றது பேனிக் அட்டாக், அண்ணா" என்றாள் ஜெசிந்தா. "தெருவுல நிக்கிற கார் மேல பூனை குதிச்சா அலாரம் அடிக்குதே, அந்த மாதிரி. திருடன் வரல. ஆனா சத்தம் நிஜம். நெஞ்சு அடிக்கிறது நிஜம், மூச்சு முட்டறது நிஜம். பத்து இருபது நிமிஷத்துல அது தானா அடங்கும். நீங்க ஒரு தடவைகூட அது தானா அடங்கறதப் பார்த்ததில்ல. அதுக்குள்ள மிஷின மாட்டிடறீங்க, போட்டத் திருப்பிடறீங்க, இல்லன்னா அக்காவக் கேட்டுடறீங்க."

"இவரு சொபாவமே இப்டியா மேடம்? ஆயுசு பூரா இப்டித்தானா?" என்று வச்சலா கேட்டாள்.

"சுபாவம் வேற, நோய் வேற அக்கா. வலையில பத்து முடிச்சு போட வேண்டிய இடத்துல பன்னெண்டு போடறாருன்னு சொன்னீங்களே, அது சுபாவம். அது எப்பவும் இருக்கும், இருக்கட்டும். போட்டுல அப்படி ஒரு ஆள் வேணும். இது பழகிக்கிட்ட பயம். பழகினத மாத்திப் பழகலாம்." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "ஆனா அதுக்கு நீங்க ஒண்ணு செய்யணும். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்றத நிறுத்தணும்."

"இன்னாது?"

"நீங்க 'நல்லா கீற'ன்னு சொல்ற ஒவ்வொரு தடவையும் அவர் மனசு இன்னா கணக்குப் போடுது? ஆபத்து வந்துச்சு, வச்சலா சொன்னதால தப்பிச்சேன்னு. ஒரு நாளைக்கு நாற்பது தடவ தப்பிச்சா, நாற்பது தடவ ஆபத்துன்னு தானே அர்த்தம்?"

வச்சலாவுக்குச் சுருக்கென்றது. "அப்ப நாந்தான் இத்த ஊட்டி வளத்துகினு கீறேன்னு சொல்றீங்களா?"

"பாசத்துல செஞ்சீங்க. எல்லாரும் அதத்தான் செய்வாங்க." ஜெசிந்தா தேவேந்திரன் பக்கம் திரும்பினாள். "அண்ணா, உங்க சம்மதம் இல்லாம இத செய்ய முடியாது. அக்கா பதில் சொல்லாட்டி கோவம் வரும். பரவாயில்லையா?"

அவன் தன் கையைப் பார்த்துக்கொண்டான். "ஏறணும் மேடம்" என்றான். அதுதான் அவன் சம்மதம்.

"இன்னொண்ணு. கேள்வி வேஷம் மாத்திக்கிட்டு வரும். மூஞ்சி வெளுத்துடுச்சா, குரல் மாறிடுச்சா, ஊர்ல என்னப் பத்தி இன்னா பேசறாங்கன்னு எப்படியாச்சும் வரும். எல்லாம் ஒரே கேள்விதான்."

இந்த ஒரு வாக்கியத்தை வச்சலா கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். வினையே இதில்தான் ஆரம்பித்தது.

முதல் வாரம் நரகம். அவன் கேட்பான், அவள் வாயில் முந்தானையைத் திணித்துக்கொள்வாள். கெஞ்சுவான், திட்டுவான், தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போவான். காலையிலும் மாலையிலும் ஜெசிந்தா சொன்னபடி மணலில் ஓட வேண்டும். நெஞ்சு திமுதிமுவென்று அடிக்கும் வரை ஓடி, அது தானாக அடங்கும் வரை நிற்க வேண்டும். மிஷினைத் தொடவே கூடாது. ஓடிவிட்டு வந்து வாசலில் நின்று நாய்போல மூச்சு வாங்கிக்கொண்டு அவளைப் பார்ப்பான். அவள் உள்ளே ஓடிப்போய் அடுப்பை ஊதுவாள். எரிகிறது கேஸ் அடுப்பு. என்ன செய்கிறோம் என்பதே அவளுக்குத் தெரியவில்லை. உட்கார்ந்தால் நிற்கத் தோன்றியது, நின்றால் எங்கேயாவது போகத் தோன்றியது.

அவன் ஒரு சந்து கண்டுபிடித்தான். பெண்டாட்டி சொல்லாவிட்டால் என்ன, ஊர் இருக்கிறது. டீக்கடை அப்பாசாமியிடம் கேட்டான், அவர் "ராஜா மாரி கீற நைனா" என்றார். அடுத்த வீட்டு அன்பரசியிடம் கேட்டான், அவளும் சொன்னாள். சாயந்திரம் முகம் தெளிந்து வந்தவனைப் பார்த்ததுமே வச்சலாவுக்குப் புரிந்துவிட்டது.

மறுநாள் விடிந்ததும் அன்பரசியைப் பிடித்தாள். "செங்கல்பட்டு மேடம் சொல்லிகீறாங்க. அவரு கேட்டா பதில் சொல்லாதீங்க. எல்லாராண்டையும் சொல்லு." அப்பாசாமியிடமும் இதையே சொன்னாள். எந்தக் கேள்விக்கு என்று விளக்கவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

குப்பத்தில் ஒரு சேதி தெரு முனை திரும்புவதற்குள் சுருங்கிக் கெட்டியாகிவிடும். தேவேந்திரனுக்குப் பதில் சொல்லக் கூடாது. அவ்வளவுதான் மிஞ்சியது. நல்ல ஜனங்கள், அவனுக்குக் குணமாக வேண்டும் என்று மனசார நினைத்தவர்கள், ஒழுங்காக, ஒருத்தர் தவறாமல் அதைச் செய்தார்கள்.

டீ கேட்டான், அப்பாசாமி டீயை வைத்துவிட்டுத் திரும்பிக்கொண்டார். ஐஸ் வண்டி வந்ததா என்று கேட்டான். நாலு பேர் தரையைப் பார்த்தார்கள். குழந்தைகளிடம் மணி கேட்டான், அவை வாயைப் பொத்திக்கொண்டு ஓடின. ராஜாராம் எதிரே வந்தவன் சந்துக்குள் புகுந்துவிட்டான்.

வேறு ஊரில் இதற்கு வேறு அர்த்தம் இருக்கலாம். அந்தக் கரையில் ஒரே அர்த்தம்தான். பெரிய தப்பு செய்தவனுக்கு ஊர்க் கூட்டம் கொடுக்கிற பெரிய தண்டனை அடி இல்லை. கட்டுப்பாடு. கட்டுப்பாடு விழுந்தவனோடு யாரும் பேச மாட்டார்கள், அவன் வீட்டு நல்லது கெட்டதுக்குப் போக மாட்டார்கள், அவன் படகுக்குக் கை கொடுக்க மாட்டார்கள்.

மார்க்கெட்டிலிருந்து திரும்பிய வச்சலா கூடையை இறக்கிக்கொண்டிருந்தபோது அவன் வாசலுக்கு வந்தான். முகம் சாம்பலாக இருந்தது.

"வச்சலா, எனக்கு ஊருல கட்டுப்பாடு வெச்சுட்டாங்களா? நா இன்னா தப்பு பண்ணேன்?"

கேள்வி வேஷம் போட்டுக்கொண்டு வந்துவிட்டது என்று அவள் நினைத்தாள். ஜெசிந்தா சொன்னாளே, ஊரில் என்ன பேசுகிறார்கள் என்றுகூட வரும் என்று. உதட்டைக் கடித்துக்கொண்டு, கூடையைக் கழுவப் போனாள். தான் உறுதியாக நிற்பதில் அவளுக்கு அந்த நிமிஷத்தில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. திரும்பிப் பார்த்தபோது வாசலில் ஆள் இல்லை.

ஒரு மணி நேரம் போயிற்று. இரண்டு மணி நேரம் போயிற்று. மிஷின் அலமாரியில் இருந்தது, போன் பாயில் கிடந்தது. வச்சலாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. படகு வரிசையில் தேடினாள். சவுக்குத் தோப்பில் தேடினாள். மெயின் ரோடு வரை ஓடி, டூரிஸ்ட் வண்டிகளுக்கு நடுவில் நின்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள். நினைக்கக் கூடாததெல்லாம் நினைப்பில் வந்தது. ஜெசிந்தாவுக்குப் போன் போட்டு, அழுதுகொண்டே அவன் கேட்டதைச் சொன்னாள்.

"அக்கா, நான் நிறுத்தச் சொன்னது ஒரே ஒரு கேள்விக்குத்தான். பேச்சையே இல்ல. தப்பு என் மேலயும்தான், சரியா சொல்லல. ஓடுங்க, முதல்ல ஆளக் கண்டுபிடிங்க. நான் லைன்லயே இருக்கேன்."

கங்கையம்மன் கோயில் வாசலில் இருந்தான். கட்டுப்பாடு விழுந்தவன் தன் குற்றம் என்னவென்று கேட்க விரும்பினால், துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு அங்கே போய் நிற்க வேண்டும். ஊர்ப் பெரியவர் ஒருத்தர் வந்து "இன்னாப்பா" என்று கேட்கும் வரை நிற்க வேண்டும். தேவேந்திரன் உச்சி வெயிலில் மூன்று மணி நேரமாக நின்றுகொண்டிருந்தான். கேட்க வேண்டிய தலைவர் கோதண்டராமன் பத்தடி தூரத்தில் வேப்பமரத்து நிழலில், மருத்துவம் கெட்டுவிடக் கூடாதே என்று, வாயை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பாவம், அவருக்கும் தாகம்.

வச்சலாவுக்குச் சிரிப்பு வரவில்லை. கோபம் வந்தது, யார் மேல் என்று தெரியாத கோபம்.

"யாரும் கட்டுப்பாடு வெக்கலய்யா!" என்று கத்தினாள். "நாந்தான்யா சொன்னேன். நல்லா கீறேனான்னு கேட்டா சொல்லாதீங்கன்னு சொன்னேன். இதுங்க எல்லாத்துக்கும் வாய மூடிகிச்சுங்க!"

கோதண்டராமன் எழுந்து வந்தார். "நீ ஒரு தப்பும் பண்ணலப்பா. ஊரு தப்பு பண்ணிட்ச்சு" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். தேவேந்திரன் துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டான். வச்சலாவைப் பார்த்தான்.

"ஊரு சரி" என்றான். "நீயுமா பேசாம இருந்த?"

அவன் முன்னால் நடந்தான், அவள் பின்னால் போனாள்.

அந்த நாளிலிருந்து அவன் அவளிடம் கேட்பதை நிறுத்திவிட்டான். நாற்பது போய் ஒன்றுகூட இல்லை. குணமாகிவிட்டதா என்று புதன்கிழமை ஜெசிந்தாவிடம் ஆவலாகக் கேட்டாள். "கோவத்துல நிறுத்தினது குணம் இல்லக்கா. உள்ள கேட்டுக்கிட்டுத்தான் இருப்பாரு. பயிற்சிய விடாம செய்யட்டும்" என்றாள் அவள். செய்தான். ஓடினான். கரையில் கிடந்த படகில் ஏறி உட்கார்ந்தான். மார்கழியில் முட்டளவுத் தண்ணீரில் மிதக்கும் படகில் உட்கார்ந்து, வியர்த்து விறுவிறுத்து, இறங்காமல் அரை மணி நேரம் இருந்தான். வீட்டுக்கு வந்தால் பேச்சு இல்லை. சாப்பாட்டைப் போட்டால் சாப்பிடுவான், எழுந்து போவான். அந்தக் கேள்வியையாவது கேட்டுத் தொலையேன் என்று வச்சலா மனசுக்குள் ஏங்கினாள். வெட்கமாக இருந்தது, ஆனால் ஏங்கினாள்.

காணும் பொங்கலுக்கு மறுநாள் விடியற்காலையில் தணிகைவேல் வாசலில் வந்து நின்றான். தேவேந்திரன் ஒன்றும் பேசாமல் கூடப் போனான். வச்சலா பின்னாலேயே கரைக்குப் போனாள். பொழுது வெளுத்துக்கொண்டிருந்தது. ராஜாராமும் வந்திருந்தான், ஒருவேளை தேவைப்பட்டால் என்று சற்றுத் தள்ளி நின்றான். படகைத் தண்ணீருக்குள் தள்ளினார்கள். இரண்டு பேர் ஏறினார்கள். தணிகைவேல் ஏறி இன்ஜினைப் பிடித்தான். தேவேந்திரன் இடுப்பளவுத் தண்ணீரில், ஒரு கை படகில், நின்றுவிட்டான்.

திரும்பினான்.

"வச்சலா, நா நல்லாத்தான கீறேன்?"

ஒன்றரை மாசத்துக்கு அப்புறம். அத்தனை பேருக்கு முன்னால்.

கடலுக்குப் போகிறவன் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் அனுப்பக் கூடாது என்பது அந்தக் கரைப் பெண்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாத விஷயம். "சொல்லிடுடி" என்று அன்பரசி அவள் முதுகில் இடித்தாள். சொன்னால் இன்றைக்கு ஏறுவான். நாளைக்கும் சொல்ல வேண்டும். படகிலிருந்து போன் வரும், அப்போதும் சொல்ல வேண்டும். ஒரு நாள் போன் கிடைக்காது, அன்றைக்குப் படகு திரும்பும். சொல்லாவிட்டால், கோயில் வாசலில் நின்றவனை இரண்டாம் தடவையும் தனியாக நிற்க வைத்ததாகிவிடும். வச்சலாவின் நெஞ்சு அடித்த அடியில் அவளுக்கே மூச்சு முட்டியது.

இரண்டு எட்டு தண்ணீரில் இறங்கினாள்.

"தெரியாதுய்யா" என்றாள். "எனக்குத் தெரியாது. எப்பவும் தெரிஞ்சதில்ல. போய்ட்டு வா."

கடலுக்குப் போகிறவனிடம் எவளாவது இப்படிச் சொல்வாளா? தேவேந்திரன் வாயைத் திறந்தபடி அவளைப் பார்த்தான். அவள் முகத்தில் பொய் இல்லை, கோபமும் இல்லை. அவனுக்கு இருந்த அதே பயம்தான் இருந்தது. ஒரு அலை வந்து படகைத் தூக்கியது. அது இறங்குவதற்குள் அவன் உள்ளே தாவியிருந்தான்.

படகு அலையைக் கடந்து போயிற்று. ராஜாராம் ஒன்றும் சொல்லாமல் வீட்டுப் பக்கம் நடந்தான். அன்பரசி வாய் ஓயாமல் திட்டினாள், இப்படியா சொல்வாய், உன் நாக்கில் என்ன, என்று. வச்சலா கேட்கவே இல்லை. மணலில் உட்கார்ந்தாள், எழுந்தாள், படகு வரிசை முடியும் வரை நடந்தாள், திரும்பினாள். மார்க்கெட்டுக்குப் போகவில்லை. வீட்டுக்கும் போகவில்லை. இரண்டு வருஷமாக நல்லா கீற, நல்லா கீற என்று சொல்லிச் சொல்லி, அவள் தன்னையும்தான் தூங்கவைத்திருந்தாள். இப்போது யாரைக் கேட்பது? எட்டு மணிக்குப் படகு திரும்பவில்லை. ஒன்பதுக்குத் திரும்பவில்லை. பாதியில் திரும்பாத படகைப் பார்த்து இவ்வளவு பயப்படுவோம் என்று அவள் நினைத்ததே இல்லை.

பதினொன்றரைக்கு வந்தது. நாலு தலை தெரிந்தது. தணிகைவேல் தூரத்திலிருந்தே கையைத் தூக்கிக் காட்டினான். தேவேந்திரன் இறங்கி, வலையின் ஒரு முனையைத் தோளில் போட்டுக்கொண்டு கரையேறினான். கண் சிவந்திருந்தது, சட்டையில் வாந்தி எடுத்த கறை.

"மூணு தபா வந்துச்சு" என்றான் அவளிடம். "வந்துச்சு, அடிச்சுச்சு, போய்ட்ச்சு." வலையை இறக்கி வைத்துவிட்டு நிமிர்ந்தான். "செம பசி. சோறு கீதா?"

வச்சலா விழித்தாள். காலையிலிருந்து வீட்டுப் பக்கமே அவள் போகவில்லை.

"இல்லய்யா" என்றாள். "இன்னும் ஒலயே வெக்கல."